புதிய மேசைக்கணினி வருவதற்கு முன்பே வெளி ஹார்ட் டிஸ்க்கைத் திட்டமிடுங்கள்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதிலிருந்து மொரீஷியஸில் நம்மவர் வீடுகளிலும் பழைய கணினியை மாற்றும் பேச்சு கிளம்பிவிட்டது. பிராசஸர், ரேம் பற்றியெல்லாம் துருவித் துருவி விசாரிப்பவர்கள், பல வருடத்துக் காவடிப் படங்களும் கல்யாண வீடியோக்களும் எங்கே போகும் என்று கேட்பதில்லை. பழைய பெட்டியில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் இருந்திருக்கும். புதியதில் பெரும்பாலும் 512 ஜிபி எஸ்எஸ்டிதான் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் டிஸ்க்). வேகம் கூடும், இடம் குறையும்.

படி 1: இருப்பதை அளந்துகொள்ளுங்கள்

படங்கள், வீடியோக்கள், ஆவணங்கள் உள்ள ஃபோல்டர்கள் ஒவ்வொன்றின் மீதும் வலது கிளிக் செய்து அதன் அளவைப் பார்த்து, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பையும் டவுன்லோட்ஸையும் மறக்க வேண்டாம். முக்கியமான கோப்புகள் அங்கேதான் பதுங்கியிருக்கும். வேண்டாததை அழிக்கும் வேலையை இப்போது தொடங்காதீர்கள். அது முடியவே முடியாது.

குறித்த அளவுகளையெல்லாம் கூட்டி, அதைப் போல் இரண்டு மடங்கு இடமுள்ள டிஸ்க்கை வாங்குங்கள். 1 டிபி டிஸ்க்கைச் செருகினால் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1024ஆகவும் எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது.

படி 2: எது எங்கே இருக்கும் என்று முடிவு செய்யுங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். புதிய கணினியில் இடமில்லை என்று படங்களை எல்லாம் வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, “பேக்கப் எடுத்துவிட்டேன்” என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். கணினியில் இல்லாத ஒன்று வெளி டிஸ்க்கில் மட்டும் இருந்தால், அது பேக்கப் அல்ல. அதுவே ஒரே பிரதி. டிஸ்க் கீழே விழுந்தால் கதை முடிந்தது.

ஆகவே வெளி டிஸ்க் இரண்டு தேவை. முதலாவது, உள்ளே கொள்ளாதவற்றை வைத்துத் தினமும் பயன்படுத்த. இரண்டாவது, அதற்கும் கணினிக்குமான நகலுக்கு. நகல் எடுக்கும் நேரம் தவிர அது கணினியோடு இணைந்திருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் வாங்கப் பணம் இல்லையென்றால் இரண்டாவதை முதலில் வாங்குங்கள்.

படி 3: எந்த வகை?

நகலுக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க் போதும், விலை குறைவு. தினசரி வேலைக்கு, முடிந்தால் வெளி எஸ்எஸ்டி. அதை மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்கில் அலமாரியில் போட்டு வைக்காதீர்கள்; பதிந்தது மெல்ல அழியக்கூடும்.

2.5 அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி கேபிள் மட்டுமே போதும். 3.5 அங்குலப் பெரிய டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். நம் ஊரில் ஒரே வீட்டில் ஆங்கிலேய மூன்று முள் சாக்கெட்டும் ஐரோப்பிய இரண்டு முள் பிளக்கும் கலந்தே இருக்கும். மேசைக்கு அருகில் எது இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஆடும் மாற்றுப் பிளக்கில் டிஸ்க்கை ஓட்டுவது ஆபத்து: நகல் எடுக்கும்போது மின்சாரம் விட்டுவிட்டு வந்தால் கோப்புகள் பாழாகும்.

படி 4: நகலெடுங்கள்

புதிய கணினி வருவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். கணினியில் பழைய யுஎஸ்பி 2 துளைதான் இருந்தால் 500 ஜிபிக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும், யுஎஸ்பி 3 இருந்தால் ஒன்றரை மணி நேரம். குட்டிக் குட்டிப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் இழுக்கும். ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ மட்டும்.

பெரிய வீடியோ ஏறவில்லையா? டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய பதிவு வடிவில் (ஃபார்மட்) இருக்கலாம். அதில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு நுழையாது. காலி டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் வடிவுக்கு மாற்றிவிட்டுத் தொடருங்கள். மேக் கணினியிலும் எழுத வேண்டுமானால் எக்ஸ்ஃபேட்.

படி 5: திறந்து பாருங்கள்

இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றா என்று சரிபாருங்கள். பிறகு நடுவிலிருந்து சில படங்களையும், ஒரு வீடியோவின் கடைசி நிமிடத்தையும் ஓடவிட்டுப் பாருங்கள். பழைய கணினியை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாதம் இருக்கட்டும். பிறகு உள்ளிருக்கும் சாட்டா (கணினிக்குள் டிஸ்க்கை இணைக்கும் ஒரு வகை) டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பியில் செருகும் ஒரு வெளிக்கூட்டில் போட்டால் கூடுதலாக ஒரு நகல் கிடைக்கும். வயதான டிஸ்க், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

படி 6: புயலுக்கு

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களே மிதந்தன. நகல் டிஸ்க் கணினிக்குப் பக்கத்திலேயே இருந்தால், தண்ணீர் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். ரோஸ் ஹில்லில் நீங்கள் இருந்தால், கியூர்பிப்பில் இருக்கும் அக்கா வீட்டு அலமாரியில் அதை வையுங்கள். ஈரம் அதிகமான ஊர் என்பதால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, காற்றுப் புகாத டப்பாவில். முதலாம் புயல் எச்சரிக்கை அறிவித்ததும் வீட்டில் இருக்கும் மற்ற டிஸ்க்கை முறைப்படி வெளியேற்றி (‘எஜெக்ட்’), கேபிளைக் கழற்றி, உயரமான தட்டில் ஏற்றிவிடுங்கள்.