பாம்பியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கற்கும் முறை

ரோமானியத் தளபதி பாம்பியின் வரலாற்றைக் கற்கப் புகுவோர், அவருடைய அதிகாரம் எவ்வழியில் வந்தது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. அவர் வகித்த பதவிகளை ஆண்டுவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பதவி எதையும் வகிக்காமலே கி.மு. 70இல் ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சல் பதவியை அடைந்ததும், கி.மு. 67இல் தனிச் சட்டத்தின் வழியே மத்தியதரைக் கடல் முழுவதற்கும் அதிகாரம் பெற்றுக் கடற்கொள்ளையரைச் சில மாதங்களிலேயே அடக்கியதும், விதிவிலக்குகளே அவருடைய ஏணி என்பதைக் காட்டும்.

அடுத்து, சீசர், கிராசஸ் ஆகிய ரோமானியத் தலைவர்களுடன் அவர் செய்துகொண்ட அரசியல் உடன்பாட்டை நிதானமாக ஆராயுங்கள். கிழக்கில் அவர் செய்த ஏற்பாடுகளுக்கு ஒப்புதல் தராமலும், அவருடைய வீரர்களுக்கு நிலம் வழங்காமலும் ரோமின் ஆட்சி மன்றமான செனட் இழுத்தடித்ததே அவரை அதற்குத் தள்ளியது. சீசரின் மகளும் பாம்பியின் மனைவியுமான ஜூலியா கி.மு. 54இலும், கிராசஸ் மறு ஆண்டிலும் இறந்தபின் அந்த உறவு தளர்ந்தது. வீழ்ச்சி இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு, பலரும் சுட்டும், சீசரிடம் அவர் தோற்ற பார்சலஸ் போர் (கி.மு. 48) அதன் விளைவே.

அப்போருக்குச் சில வாரங்கள் முன்பு டிர்ராக்கியம் (Dyrrhachium) என்ற துறைமுக நகரருகே சீசரைப் பாம்பி வென்றிருந்தார் என்பதை விட்டுவிடாதீர்கள். சீசரின் படையைப் பட்டினியால் தளர்த்த எண்ணியிருந்தவரை, உடனிருந்த செனட்டர்கள் நேரடிப் போருக்கு நெருக்கினர். இதற்கு முதன்மைச் சான்று சீசரே எழுதியது என்பதால், எதிர்த்தரப்பின் ஆணவம் பற்றிய வரிகளைச் சற்று ஐயத்துடன் படியுங்கள். தோற்றபின் எகிப்துக் கரையில் அவரைக் கொன்றவர்களுள் ஒருவனான செப்டிமியஸ், முன்பு அவரிடமே பணிபுரிந்தவன்.