மாரிக்கு முன்னரே துணிக்கு நீர்காப்பு

திருகோணமலையில் ஐப்பசி பிறந்தபின் வாடைக்காற்றோடு வரும் மழை சாய்ந்தடிக்கும் என்பதால், பிள்ளைகளின் புத்தகப் பையையும் கன்வஸ் படங்கையும் நல்ல வெயில் எறிக்கும் ஆவணி, புரட்டாதியிலேயே ஆயத்தம் செய்துவிட வேண்டும். இங்கு சொல்லும் இரண்டு முறைகளும் பருத்தித் துணிக்கே பொருந்தும். நைலோனில் இவை சரிவரப் பிடிக்கமாட்டா. கடற்கரையில் புழங்கிய துணியாயின் முதலில் நன்னீரில் நன்றாக அலசுங்கள், ஏனெனில் துணியில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

உடுக்கும் துணிக்குச் சீனக்கார (படிகார) முறையே சிறந்தது. ஒரு லீற்றர் வெந்நீரில் 60 கிராம் சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்து, துணியை அதில் ஊறவைத்து, அலசாமல் பிழிந்து உலர்த்துங்கள். பின்னர் 30 கிராம் சீனக்காரத்தை ஒரு லீற்றர் வெந்நீரில் கரைத்து, அதில் இரண்டு மணித்தியாலம் ஊறவிட்டு, மீண்டும் உலர்த்துங்கள். சவர்க்காரத்தின் கொழுப்பமிலமும் சீனக்காரத்தின் அலுமினியமும் கூடி, நீரில் கரையாத படிவாக நூலிழைகளில் ஒட்டிக்கொள்ளும். துணியின் கண்கள் அடைபடாததால் காற்றும் புகும். சலவைத்தூளில் இப்படிவு உண்டாகாது என்பதால் கட்டிச் சவர்க்காரத்தையே பயன்படுத்த வேண்டும். கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்தால், சேமித்த மழைநீரை எடுப்பதே நலம்.

பைக்கும் படங்குக்கும் மெழுகுதான் உறுதியானது. தேன்மெழுகுக் கட்டியைத் துணியில் அழுத்தித் தேய்க்கையில் முதலில் வெண்கோடுகளாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். அதன்மேல் பழைய பருத்தித் துண்டொன்றை விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியை மெல்ல நகர்த்தினால், மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகி இழைகளுக்குள் இறங்கிவிடும், துணியும் சற்றுக் கறுக்கும். தையல் ஓட்டைகளில்தான் நீர் முதலில் கசியும் என்பதால் அவ்விடங்களில் இருமுறை தேய்ப்பது அவசியம். மெழுகை உருக்கிப் பூச விரும்புவோர் நேரடி நெருப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்தே உருக்க வேண்டும். மெழுகிட்ட துணி எளிதில் தீப்பற்றும், அடுப்படியில் தொங்கவிடாதீர்கள்.

ஆறியபின் ஒரு கரண்டி நீரைத் தெளித்துப் பாருங்கள். சேம்பிலையில் போலத் துளிகள் உருண்டோடினால் வேலை சரி. நீர் பரவி ஊறும் இடத்தில் மீண்டும் மெழுகிடுங்கள். மெழுகிட்ட பையைச் சவர்க்காரமும் சுடுநீரும் படாமல் ஈரத் துணியால் துடைத்தாலே போதும்.