பாரிஸில் ஆடம்பரக் கடைவீதிக்குப் போகுமுன்

பாரிஸுக்குச் செல்பவர்கள் ஷான்ஸ் எலிசே பெருந்தெருவிலேயே நாளைக் கழித்துவிடுகிறார்கள். உடையின் நுணுக்கம் அறிந்தவர்கள் 1838-இல் தொடங்கப்பட்ட சட்டைக்கடையான ஷார்வேயை நாடி வாந்தோம் சதுக்கத்தின் 28-ஆம் எண் கட்டடத்துக்குச் செல்வார்கள். அங்கே மாடியில் அடுக்கியிருக்கும் துணிச்சுருள்களில் வெள்ளை நிறமே எத்தனையோ சாயல்களில் இருப்பதால், ஒன்றைச் சன்னலோரம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே தேர்ந்தெடுங்கள்.

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் "போன்ஷூர்" (வணக்கம்) என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பொருளைத் தொடுபவரை விற்பனையாளர் மரியாதை தெரியாதவராகவே கருதுவார். அழகு நிலையங்கள் பல ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால், விலையில் அடங்கியுள்ள 20 சதவீத வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். தரகு போக விலையில் ஏறத்தாழ 12 சதவீதம் கைக்கு வரும். கடையிலேயே கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் வாங்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே, அப்படிவத்தின் பட்டைக்குறியை, அதைச் சரிபார்க்கும் பாப்லோ என்னும் சுங்க இயந்திரத்தில் காட்டி, திரையில் பச்சை நிற ஒப்புதல் தோன்றியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி போய்விட்டால், சுங்க அதிகாரி பொருளைக் கேட்கும்போது காட்ட இயலாது.

கால் வலித்தால், ரிவோலி தெருவில் 1903 முதல் நடக்கும் ஆஞ்சலினா தேநீர் விடுதியில் கெட்டியான சூடான சாக்லேட் குடிக்கலாம். அதன் இனிப்பு எனக்குச் சற்று அதிகம்தான். இருவருக்கு ஒரு குவளையே போதும்.