பாசம் இருக்கட்டும், ரசீது எங்கே? கறுப்பினப் பல்கலைக்கழக முன்னாள் மாணவர் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்கென்றே தொடங்கப்பட்ட கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் சுமார் 100 இருக்கின்றன. சுருக்கமாக எச்.பி.சி.யு. என்பார்கள். மற்ற கல்லூரிகள் கதவைச் சாத்தி வைத்திருந்த காலத்தில் முளைத்தவை இவை. பென்சில்வேனியாவில் செய்னி 1837இல், வாஷிங்டனில் ஹோவர்ட் 1867இல், அலபாமாவில் டஸ்கிகி 1881இல். இங்கே படித்தவர்கள் வேலைக்காக எந்த ஊருக்குப் போனாலும், நாலு பேர் சேர்ந்ததும் அங்கே ஒரு முன்னாள் மாணவர் சங்கக் கிளை தொடங்கிவிடும். தேவாலயக் கூடத்திலோ நூலக அறையிலோ மாதம் ஒரு கூட்டம். பிரார்த்தனையோடு ஆரம்பித்து, கல்லூரிப் பாடலோடு முடிப்பார்கள். நடுவில் உதவித்தொகை, புதிய மாணவர் சேர்க்கை, பழைய மாணவர்கள் வளாகத்துக்குத் திரும்பிவந்து கூடும் இலையுதிர் காலத்து ஹோம்கமிங் விழாவுக்கு யார் யார் போகிறார்கள் என்ற பேச்சு.

இந்தச் சங்கங்களில் பாசத்துக்குப் பஞ்சமே இல்லை. சிக்கலும் அங்கிருந்துதான் வருகிறது. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்ற நினைப்பில், கணக்குக் கேட்பவர் சந்தேகப் பிராணி ஆகிவிடுகிறார். தேர்தல் வைக்கச் சொல்பவர் சண்டைக்காரர் ஆகிவிடுகிறார். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை நல்லவர்கள் செய்பவை.

சந்தா யாருடைய போனில் விழுகிறது?

ஆண்டுச் சந்தா 75 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் தன் போனை நீட்டுகிறார். திரையில், கேஷ் ஆப் என்ற பணம் அனுப்பும் செயலியில் அவருடைய சொந்தக் கணக்கு. பத்துப் பேர் அங்கேயே நின்று பணத்தை அனுப்பிவிட்டுக் கிளம்புகிறார்கள். அதே கணக்கிலிருந்துதான் அவர் மளிகை வாங்குகிறார், வெளியூரில் படிக்கும் மகனுக்குச் செலவுக்கும் அனுப்புகிறார். ஒரு காசு எடுத்திருக்க மாட்டார். ஆனால் டிசம்பரில் உட்கார்ந்து பார்த்தால் சங்கப் பணம் எது, தன் பணம் எது என்று அவராலேயே பிரிக்க முடியாது. திடீரென்று அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க அவர் மனைவியிடம் போய் நிற்கும் தைரியம் யாருக்கு வரும்?

சங்கத்தின் பெயரிலேயே வரி அடையாள எண் வாங்கி, அந்த எண்ணில் வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும். காசோலைக்கு இருவர் கையெழுத்து. மாதாந்திர வங்கி அறிக்கையைச் சரிபார்ப்பவர் அந்த இருவரில் ஒருவராக இருக்கக் கூடாது. நிர்வாகிகள் மாறினால் அதே வாரத்தில் வங்கிக்குப் போய்க் கையெழுத்தையும் மாற்றிவிட வேண்டும். இது யாரையும் சந்தேகப்படுவதற்காக இல்லை. நாளைக்கு ஒரு வதந்தி கிளம்பினால் பொருளாளரைக் காப்பாற்றப் போவது இந்தக் காகிதங்கள்தான்.

அடுத்தது வரித்துறை. பல கிளைகள் 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பிரிவில் வருகின்றன. ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் சிறிய சங்கம் 990-என் என்ற சிறு படிவத்தை இணையத்தில் நிரப்பினால் போதும். ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைப்பவர்களுக்கு அடுத்த ஆண்டு மே 15 கடைசித் தேதி. சில நிமிட வேலை. அதைத் தொடர்ந்து 3 ஆண்டுகள் செய்யாவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். இந்த விதிப்படி 2011 ஜூனில் வெளியான முதல் பட்டியலில் சுமார் 2,75,000 அமைப்புகளின் பெயர்கள் இருந்தன. ரத்தானால் நன்கொடை கொடுத்தவர்களுக்கு வரிச்சலுகை இல்லை. ஊழியர் கொடுக்கும் தொகைக்கு ஈடாக நிறுவனங்கள் கொடுக்கும் பணமும் நின்றுபோகும். "தலைமைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று கிளையும், "கிளை பார்த்துக்கொள்ளும்" என்று தலைமையும் இருந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. யார் பெயரில், யார் தாக்கல் செய்கிறார்கள் என்பதை ஒருமுறை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

உதவித்தொகை எந்த மாதத்தில் போய்ச் சேருகிறது?

பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதத்தை ஒட்டி ஒரு விருந்து. ஹோட்டல் அரங்கம், பூ அலங்காரம், டிஜே, சிறப்புப் பேச்சாளருக்கு விமான டிக்கெட். மேடையில் ஒரு மாணவிக்குப் பெரிய அட்டைக் காசோலை. படங்கள் அழகாக வரும். செலவைக் கழித்துப் பார்த்தால், உதவித்தொகையைவிட விருந்துக்கு அதிகம் போயிருக்கும்.

அந்த மாணவிக்குப் பணம் உண்மையில் தேவைப்படுவது ஆகஸ்டில். கல்விக் கட்டணத்தில் பாக்கி இருந்தால், குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு பல கல்லூரிகள் பதிவு செய்த பாடங்களிலிருந்து மாணவர் பெயரை நீக்கிவிடும். எச்.பி.சி.யு. வளாகங்களில் 'பர்ஜ்' என்று சொன்னால் எல்லா மாணவருக்கும் வயிற்றைக் கலக்கும். சில நூறு டாலர் பாக்கிக்காகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் உண்டு. ஆகவே உங்கள் ஊர்ப் பிள்ளைகளில் யார் யாருக்கு எவ்வளவு நிலுவை என்று ஜூலை இறுதியிலேயே விசாரியுங்கள். பணத்தை அனுப்புமுன் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: இது வந்தால் அந்த மாணவருக்கு வேறு உதவி ஏதாவது குறையுமா? சில சமயம் குறையும். அப்படியானால் நீங்கள் கொடுத்தது மாணவருக்குப் போகாமல் கல்லூரிக்கே போனதாகிவிடும்.

விருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல சாப்பாடும் பாட்டும் இல்லாமல் சங்கம் எதற்கு? ஆனால் விருந்தை விருந்து என்றே சொல்லி டிக்கெட் விற்கலாம்.

பன்னிரண்டு ஆண்டாக ஒரே தலைவர்

"வேறு யாரும் முன்வரவில்லை" என்பார். பாதி உண்மை. வேறு யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது மீதிப் பாதி. சங்கத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல், உறுப்பினர் பட்டியல், அரங்கத்துக்குச் சொல்லிவைக்கும் ஆள் எல்லாமே அவர் தலைக்குள் இருக்கும். விதிகளில் பதவிக்காலத்துக்கு வரம்பு வைத்தால் மட்டும் போதாது. துணைத்தலைவரை ஆகஸ்ட் வழியனுப்பு விழாவையோ கல்லூரிக் கண்காட்சியையோ முழுதாக நடத்தவிட வேண்டும், சொதப்பினாலும் பரவாயில்லை.

இதில் கூடுதலாக ஒரு நெளிவு உண்டு. கறுப்பின மாணவர் வாழ்க்கையில் கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட ஒன்பது சகோதர, சகோதரி சங்கங்களுக்குப் பெரிய இடம். அவற்றில் ஐந்து, 1908க்கும் 1920க்கும் இடையில் ஹோவர்டிலேயே தொடங்கியவை. படிப்பு முடிந்தாலும் அந்த உறவு விடாது, சாகும்வரை தொடரும். நல்லதுதான். ஆனால் முன்னாள் மாணவர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அவற்றில் ஒரே சங்கத்தின் நிறச் சட்டை போட்டவர்களாக இருந்தால், அப்படி எந்தக் கிரேக்க எழுத்துச் சங்கத்திலும் சேராமல் படித்து முடித்தவர் இரண்டாவது கூட்டத்துக்கு வரமாட்டார். கல்லூரியில் படித்தவர்களில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.

பெரிய காசோலையைக் கண்டதும் கேள்வியை விழுங்குவது

2024 மே மாதம் புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் சிறப்புப் பேச்சாளராக வந்த ஒரு தொழிலதிபர், சுமார் 23.7 கோடி டாலர் நன்கொடை என்று அறிவித்தார். மேடையில் ராட்சதக் காசோலை, அரங்கமே ஆர்ப்பரித்தது. சில நாளில் விஷயம் வெளியே வந்தது. கொடுத்தது ரொக்கம் இல்லை, அவருடைய சொந்த நிறுவனத்தின் பங்குகள். சந்தையில் விற்க முடியாதவை. அவர் 2020இல் கோஸ்டல் கரோலினா பல்கலைக்கழகத்துக்கு அறிவித்த 9.5 கோடி டாலர் நன்கொடையும் நடக்காமல் போயிருந்தது. பல்கலைக்கழகத் தரப்பு ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்ததால் முன்கூட்டி வெளியே யாரிடமும் கேட்டுப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. நன்கொடை நிறுத்தி வைக்கப்பட்டது, விசாரணை நடந்தது, பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார்.

உங்கள் கிளைக்கு 23 கோடி வராது. 20,000 டாலர் தருகிறேன், என் பெயரில் ஒரு உதவித்தொகை வையுங்கள் என்று ஒருவர் வருவார். பேரைத் தேடிப் பாருங்கள். பணம் வங்கியில் சேரும்வரை அறிவிக்காதீர்கள். "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்பவரிடம் இருமடங்கு ஜாக்கிரதையாக இருங்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குறைந்த பணத்தில் நடத்தப்பட்ட கல்லூரிகளுக்கு, ஒருநாள் பெரிய பணம் வரும்போது கண்ணை இருட்டத்தான் செய்யும்.

இருபத்தைந்து வயதுக்காரருக்கும் அதே சந்தாவா?

ராபர்ட்ஸ் விதிகள் என்று ஒரு கூட்டநடைமுறை உண்டு, 1876இலிருந்து இருக்கிறது. பழைய உறுப்பினர்களுக்கு அது வேதம். அதில் தப்பில்லை, கூட்டத்தில் சத்தம் போடுபவரே ஜெயிப்பதைத் தடுக்க அது தேவை. ஆனால் சென்ற கூட்டத்தின் குறிப்பை முக்கால் மணி நேரம் வாசித்தால் இளையவர் போனை எடுத்துவிடுவார். குறிப்பை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்.

உண்மையான தடை பணம். பட்டம் பெற்று நான்கு ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, கறுப்பினப் பட்டதாரிகளின் சராசரிக் கல்விக்கடன் வெள்ளையர்களுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்ததாக புரூக்கிங்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் சொல்கிறது. 2019இல் மோர்ஹவுஸ் கல்லூரியில் பட்டம் பெற்ற ஏறத்தாழ 400 பேரின் கடனை ஒரு செல்வந்தர் அடைத்தாரே, அதற்கு மட்டும் 3.4 கோடி டாலர் தேவைப்பட்டது. எல்லாருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பாரா? மாதம் மாதம் கடன் கட்டும் பிள்ளையிடம் ஓய்வுபெற்ற மருத்துவர் கட்டும் அதே சந்தாவைக் கேட்டு, கட்டாவிட்டால் வாக்கு இல்லை என்று சொன்னால் அவர் எப்படி வருவார்? முதல் மூன்று ஆண்டு இலவசமாக வையுங்கள், அப்புறம் மாதத் தவணை.

பணமில்லாமல் பாதியில் படிப்பை விட்டவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலருக்குக் கல்லூரி மேல் உள்ள பற்று பட்டம் வாங்கியவர்களுக்குக்கூட இருக்காது.

தீப்பிடித்த பிறகு ஓடிவருவது

வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் பென்னட் என்று பெண்களுக்கான ஒரு கல்லூரி. நிதிநிலை சரியில்லை என்று 2018 டிசம்பரில் அதன் அங்கீகாரத்தை எடுக்க முடிவானது. அதை எதிர்த்துச் செய்த முறையீடு விசாரணைக்கு வருமுன் 50 லட்சம் டாலர் திரட்ட வேண்டும். முன்னாள் மாணவிகளும் தேவாலயங்களும் மற்றக் கல்லூரிகளும் கைகொடுக்க, 2019 பிப்ரவரிக்குள் திரண்டது 95 லட்சம். அப்படியும் முறையீடு தோற்றது. கல்லூரி நீதிமன்றத்துக்குப் போனது, பிறகு வேறோர் அங்கீகார அமைப்பை நாட வேண்டியிருந்தது. அட்லாண்டாவின் மோரிஸ் பிரவுன் கல்லூரிக்கு, இழந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற ஏறக்குறைய 20 ஆண்டுகள் பிடித்தன, 2022இல்தான் கிடைத்தது.

இரண்டு மாதத்தில் கொட்டும் பணத்தைவிட, மாதம் 10 டாலராகப் பத்து ஆண்டு வருவதை வைத்துத்தான் கல்லூரி திட்டம் போட முடியும். தென் கரோலினாவின் கிளாஃப்லின் இதற்கு நல்ல உதாரணம். பெரிய ஊர் இல்லை, உலகப் புகழ் இல்லை. ஆனால் முன்னாள் மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆண்டுதோறும் ஏதாவது கொடுத்த காலம் அதற்கு உண்டு. ஒரு கிளைத் தலைவர் தன் அறிக்கையில் எவ்வளவு திரட்டினோம் என்பதற்கு முன்னால் எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லப் பழக வேண்டும்.

பல்கலைக்கழகமும் அரசியலும்

நிர்வாகம் என்ன செய்தாலும் கைதட்டுவது ஒரு தவறு, எதற்கெடுத்தாலும் கொடி பிடிப்பது இன்னொரு தவறு. 2021இல் ஹோவர்டின் அறங்காவலர் குழு, மாணவர், ஆசிரியர், முன்னாள் மாணவர் தரப்புகளுக்கு அதுவரை இருந்த இடங்களை நீக்கியது. அந்த அக்டோபரில் விடுதியில் பூஞ்சை, எலி என்று புகார் சொல்லி பிளாக்பர்ன் கட்டடத்தில் கூடாரம் போட்ட மாணவர்கள், அந்த இடங்களைத் திரும்பக் கேட்பதையும் கோரிக்கையில் சேர்த்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது போராட்டம். குழுவில் நம் ஆள் இருக்கும்போது அவரிடம் ஆண்டுக்கு ஒருமுறையாவது அறிக்கை கேட்டு வாங்கும் பழக்கம் கிளைகளுக்கு இருக்க வேண்டும். கேட்காத இடம் காலியானால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கடைசியாக, தேர்தல். கமலா ஹாரிஸ் 1986இல் ஹோவர்டில் பட்டம் பெற்றவர். அவருடைய தாத்தாவின் பூர்வீகம் நம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். 2024இல் அந்த ஊர்க் கோவிலில் பூஜை நடந்தது போலவே ஹோவர்ட்காரர்கள் மத்தியிலும் திருவிழாக் களை. தேர்தல் இரவு நிகழ்ச்சியே ஹோவர்ட் வளாகத்தில்தான் நடந்தது. ஆனால் 501(சி)(3) சங்கம் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது, நம் வளாகத்தில் படித்தவராகவே இருந்தாலும். கிளைத் தலைவர் தன் வீட்டு வாசலில் பலகை நடலாம், சொந்தப் பணத்தில் நன்கொடை கொடுக்கலாம். சங்கத்தின் மின்னஞ்சலில் "வாக்களியுங்கள்" என்று எழுதலாம், "இவருக்கு வாக்களியுங்கள்" என்று எழுதக் கூடாது. வாக்காளர் பதிவு முகாம் நடத்தலாம். மேசையில் யாருடைய துண்டுப் பிரசுரமும் இருக்கக் கூடாது. சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் உறுப்பினர்கள் தங்கள் சொந்தக் கருத்தை எழுதுவதைத் தடுக்க முடியாது, ஆனால் குழுவின் பெயரும் முத்திரையும் போட்டு நிர்வாகி ஒருவர் பிரசாரப் படத்தை அனுப்பினால் அன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள்.