பரீட்சை மீதி பொருந்தாவிடின் 9 ஆல் வகுத்துப் பாருங்கள்

கொழும்பில் கணக்கியல் பட்டப்படிப்போடு பட்டயக் கணக்காளர் பரீட்சைக்கும் ஆயத்தமாகும் மாணவர்கள், ஐந்தொகை (சொத்து, பொறுப்பு நிலையைக் காட்டும் கூற்று) தயாரிப்பதில் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் பிழை தேடிப் பழகுவதற்கு ஒதுக்க வேண்டும். கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தாலும், வங்கியிலோ உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலோ பணியேற்றாலும், அந்தப் பழக்கமே முதலில் கைகொடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

பரீட்சை மீதி என்பது எல்லாக் கணக்குகளின் மீதிகளையும் வரவு, செலவு என இரு பக்கங்களில் பட்டியலிட்டுச் சரிபார்க்கும் கூற்று. அதன் இரு பக்கங்களும் பொருந்தாவிடின், வித்தியாசத்தை 9 ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்: 5,400 ரூபாயை 4,500 என எழுதினால் வித்தியாசம் 900 ஆகும். வகுபடாமல், அது இரட்டை எண்ணாகவும் இருந்தால், அதன் பாதித் தொகையைப் பேரேட்டில் (எல்லாக் கணக்குகளும் உள்ள புத்தகத்தில்) தேடுங்கள். வரவுப் பக்கத்தில் பதிய வேண்டியது செலவுப் பக்கத்தில் ஏறியிருக்கக்கூடும். பிழை தேடிப் பழக, புறக்கோட்டையில் தெரிந்தவர்களின் கடை இருந்தால், அனுமதி பெற்று, ஒரு மாதக் காசேட்டை வங்கிக் கூற்றுடன் வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.