பின்கண்ணாடித் தூசி: கார் வடிவமைப்பைப் பற்றிப் பேசுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூர் பக்கமிருந்து நெடுஞ்சாலை வழியாக வந்து, வேலூர் கிரீன் சர்க்கிளில் நிற்கும், டிக்கி தனியே நீளாமல் பின்புறம் சட்டென்று இறங்கும் ஒரு ஹேட்ச்பேக் காரின் பின்புறத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். பக்கக் கதவுகள் ஓரளவு துப்புரவாக இருக்கும். பின்கண்ணாடியிலோ விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி அப்பியிருக்கும். அதே சாலையில் வந்த, டிக்கி தனியே நீண்டிருக்கும் செடானின் பின்கண்ணாடியில் பெரும்பாலும் அவ்வளவு தூசி இராது. இதற்கான காரணத்தை அறிந்தவர், கார் பிரியர்கள் வழக்கமாகச் செய்யும் முதல் தவறைச் செய்ய மாட்டார்.

முகப்பு கூராக இருந்தால் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று நம்புவதே அந்தத் தவறு. முகப்பின் விளிம்புகள் ஓரளவு உருண்டிருந்தாலே முன்பக்க வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. காற்றுத் தடையின் பெரும்பங்கு பின்னால்தான் உருவாகிறது. கூரையை ஒட்டி வரும் காற்று, உடல் சட்டென்று செங்குத்தாக இறங்கும் இடத்தில் அதை விட்டு விலகிச் சுழன்று, அழுத்தம் குறைந்த ஒரு பகுதியை உண்டாக்குகிறது. அந்த அழுத்தக் குறைவு வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. சக்கரங்கள் கிளப்பும் தூசியை அந்தச் சுழல் தூக்கிக் கண்ணாடியில் அப்புகிறது. ஹேட்ச்பேக்குகளுக்குப் பின்பக்க வைப்பர் தேவைப்படுவதும் இதனால்தான்.

நானும் ஒரு நண்பரும் இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, விரல் நீளத்துக்கு வெட்டிய கம்பளி நூல்களைக் காரின் கூரையிலும் பின்கண்ணாடியிலும் செலோடேப்பால் ஒட்டினோம். பள்ளிகொண்டாவைத் தாண்டி நான் சீரான வேகத்தில் ஓட்ட, அடுத்த தடத்தில் வந்த காரின் பின்னிருக்கையிலிருந்து அவர் படம் பிடித்தார். கூரையில் இருந்த நூல்கள் எண்ணெய் தடவி வாரிய தலைமுடியைப் போலப் படிந்து கிடந்தன. கண்ணாடியில் இருந்தவையோ மேல்நோக்கித் துடித்தன. சில நூல்கள் வண்டி போகும் திசையிலேயே திரும்பிக்கொண்டன. பத்து ரூபாய்க் கம்பளி நூல் சொல்லித்தந்த அளவுக்கு எந்த விளம்பரப் புத்தகமும் எனக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தந்ததில்லை.

கண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஆஸ்திரியப் பொறியாளர் எட்மண்ட் ரம்ப்ளர் 1921இல் பெர்லினில் காட்சிக்கு வைத்த கார் நல்ல சான்று. உயரமான, ஒடுங்கிய, படகுக்குக் கூரை போட்டது போன்ற அந்த வண்டியை இன்று பார்ப்பவர் காற்றுக்கு ஏற்ற வடிவம் என்று சொல்லவே மாட்டார். ஆனால் 1979இல் ஃபோக்ஸ்வாகனின் காற்றுச் சுரங்கத்தில், அதாவது காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் கூடத்தில், வைத்து அளந்தபோது அதன் காற்றுத்தடைக் கெழு 0.28 என்று வந்தது. ஒரு வடிவம் காற்றில் எவ்வளவு தடைபடுகிறது என்பதைக் காட்டும் எண் அது; குறையக் குறைய நல்லது. உருண்டு திரண்டு வழுக்கிச் செல்வதுபோல் தோன்றும் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு அது சுமார் 0.48.

இந்தக் கெழுவை மட்டும் பிடித்துக்கொண்டு வாதிடுவது அடுத்த தவறு. கெழுவை வண்டியின் முன்பரப்பால், அதாவது நேர் எதிரே நின்று பார்த்தால் தெரியும் பரப்பால், பெருக்கினால்தான் உண்மையான ஒப்பீடு கிடைக்கும். கெழு 0.30, முன்பரப்பு 2.7 சதுர மீட்டர் உள்ள எஸ்யூவிக்குப் பெருக்குத்தொகை 0.81; கெழு 0.34, முன்பரப்பு 2.1 சதுர மீட்டர் உள்ள சிறிய காருக்கு 0.71. எண்ணில் தோற்ற சிறிய கார் சாலையில் வெல்கிறது.

பொருத்துவதிலும் கழற்றுவதிலும் நேரும் தவறுகள் பணத்தையும் தின்கின்றன. காரின் பின்னால் பொருத்தும் இறக்கை போன்ற ஸ்பாய்லரின் முதன்மையான வேலை, அதிவேகத்தில் காரின் பின்பகுதி மேலெழுவதைக் குறைப்பது. 1998இல் வந்த ஆடி டிடி, அதிவேக விபத்துகள் நிகழ்ந்த பிறகு, பின்னால் சிறிய ஸ்பாய்லரைப் பெற்றது அதற்காகத்தான். காட்பாடி மேம்பாலத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் காரின் டிக்கிமேல் திருகிய பெரிய இறக்கை எடையைக் கூட்டுவதன்றி வேறொன்றும் செய்யாது. வேகம் 50இலிருந்து 100 ஆகும்போது காற்றுத் தடை நான்கு மடங்காகிறது, அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகிறது. ஆகவே திருப்பதிக்குப் போய்வந்த பின்னும் மாதக்கணக்கில் கூரையிலேயே கிடக்கும் கேரியர் ஊருக்குள் அதிகம் உறுத்தாது, பெங்களூரு சாலையில்தான் டீசலைக் குடிக்கும். வேகத்தடையில் உரசுகிறது என்று முன்பம்பருக்கு அடியில் உள்ள கருப்புப் பட்டையைக் கழற்றிவிடுவோரும் உண்டு. பல கார்களில் அந்தப் பட்டை அடிப்பகுதிக்குள் புகும் காற்றைக் குறைப்பதோடு, எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் வழியாகக் காற்று இழுபடவும் உதவுகிறது. வேலூரின் மே மாத வெயிலில் அதை இழக்கக் கூடாது.

வரலாற்றைப் பேசும்போது ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிடுகிறோம். 1934இல் வந்த கிரைஸ்லர் ஏர்ஃப்ளோவை மக்கள் அதன் முகத்துக்காகவே ஒதுக்கினார்கள் என்பார்கள். முகம் ஒரு காரணந்தான். ஆனால் அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் இருந்த ஆண்டு அது, முதலில் விற்ற வண்டிகளில் தயாரிப்புக் குறைகளும் இருந்தன. எஞ்சினை முன்சக்கர அச்சின் மேல் நகர்த்தி, பின்னிருக்கையைப் பின்சக்கர அச்சுக்கு முன்னால் கொண்டுவந்த அதன் அமைப்பு பிற்காலக் கார்களில் வழக்கமாகிவிட்டது. விற்பனையில் தோற்றதை வடிவமைப்பின் தோல்வி என்று சொன்னால் இந்தப் பங்களிப்பு மறைந்துபோகிறது.

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து, இங்கே கார் பேச்சு கூடியிருக்கிறது. அதோடு “நம் நாட்டுக் கார்” என்ற பெருமிதமும் கூடியிருக்கிறது. அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. ஆனால் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரின் உடல் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கோடுகளை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவன்னி மிச்செலோட்டி. இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடு விற்ற அந்த ஹெரால்டுக்கு நான்கு கதவுகளை வைத்தவர்கள் சென்னைக்காரர்கள். அந்தப் பெருமையை அவர்களுக்குத் தயங்காமல் கொடுக்கலாம்.