சீரியலுக்குப் போகிற நெல்லைப் பிள்ளைகளுக்கு

"சீரியல்ல நடிக்கணும், யாரைப் போய்ப் பாக்கணும் அத்தை?"ன்னு கேக்குற பிள்ளைகளுக்குத் தனித்தனியா பதில் சொல்லி மாளல. மொத்தமா எழுதிப் போட்டுருதேன். நான் கதாநாயகி கிடையாது. ஹீரோவுக்கு அம்மா, ஹீரோயினுக்குச் சித்தி, சில சமயம் ரெண்டு பேருக்கும் ஆகாத பெரியம்மா. நடுக்கூடத்துல பின்னால நின்னு முறைக்கிற பொம்பளை இருக்காள்லா, அது நம்ம வேலை. சொந்த ஊரு அம்பாசமுத்திரம் பக்கம்.

மொதல்ல, யாருக்கும் துட்டு கொடுக்காதீங்க. "சான்ஸ் உறுதி, நடிகர் கார்டு எடுக்க மட்டும் 20,000"னு சொல்லுதவன் லாட்ஜுல ரூம் போட்டு ஆடிஷன் வைப்பான். நடிச்சா கம்பெனிதான் நமக்குத் தரணும். போட்டோவுக்கும் பெரிய செலவு வேண்டாம். மேக்கப் இல்லாம நேரா ஒண்ணு, சைடுல ஒண்ணு, முழு உருவம் ஒண்ணு. ஜன்னல் வெளிச்சத்துல செல்போன்லயே எடுக்கலாம். கூட ஒரு நிமிஷ வீடியோ: பேரு, வயசு, உயரம், பெறவு ஒரு சின்ன வசனம். பின்னணியில பாட்டு போட்டு அனுப்பினா உங்க குரலை யாரு கேக்கது?

சென்னைக்கு ரயில் ஏறுறதுக்கு முந்தி ஊர்லயே பழக வேண்டியது இருக்கு. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-லிருந்து இருக்கு. நாடகக் குரல் தேர்வுக்கு அறிவிப்பு வந்தா எழுதிப் போடுங்க. கையில தாளை வச்சுக்கிட்டு, வாசிக்கது தெரியாமப் பேசப் பழகினவங்களுக்கு டப்பிங் தியேட்டர்ல பயம் இருக்காது. கோயில் கொடையில நாடகம் போட்டா, சின்ன வேஷம்னாலும் ஏறிருங்க. கூட்டத்துக்கு முன்னால கையை எங்க வைக்கதுன்னாவது தெரிஞ்சுரும்.

இனி செட்டு. நல்லா நடிக்கிற பிள்ளைகளே முழிக்கிறது இங்கதான். அரை மணி நேர சீரியல்னா விளம்பரம் போக 22 நிமிஷம் போல ஓடணும், அதுவும் வாரத்துக்கு அஞ்சாறு நாள். சீன் பேப்பர் சில நாள் அன்னைக்குக் காலையிலதான் கைக்கு வரும். மனப்பாடம் பண்ண ஏது நேரம்? பிராம்ப்டிங்தான். உதவி இயக்குநர் தம்பி கேமராவுக்குப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்து, கொலை பண்ணுற வசனத்தையும் பலசரக்குச் சிட்டை வாசிக்க மாதிரி வாசிப்பாரு. அதை நீங்க காதுல வாங்கி, கோவமாத் திருப்பிச் சொல்லணும். நீங்க முடிக்கும்போதே அடுத்த வரி வந்துரும். குரல் வந்த பக்கம் கண்ணு போச்சுன்னா கட். அவர் மூச்சு விடுற இடத்துல நீங்களும் நிறுத்தினா வசனம் செத்துப்போகும். அர்த்தம் முடியுற இடத்துல நிறுத்துங்க.

வீட்டுல இதுக்குப் பழக ஒரு வழி இருக்கு. மதினியோ தம்பியோ முதுகுக்குப் பின்னால உக்காந்து தினத்தந்தி வாசிக்கட்டும். நீங்க எதுத்த சுவத்துல ஒரு புள்ளியைப் பாத்துக்கிட்டு, பாதி வரி பிந்தி, அதையே அழுதுகிட்டுச் சொல்லுங்க. தங்கம் விலைச் செய்தி வேண்டாம், அதுக்கு அழுகை தானா வந்துரும். விளையாட்டுப் பக்கத்தை எடுங்க. பெறவு அதே செய்தியைக் கோவமா, பெறவு ரகசியமா. ஆனா லைவ் சவுண்டுல, அதாவது டப்பிங் இல்லாம நடிக்கும்போதே குரலையும் பதிஞ்சு எடுக்கிற கம்பெனிக்குப் போனா இந்த வித்தை செல்லாது. அங்க மனப்பாடம்தான்.

அடுத்தவர் க்ளோசப்புக்கு நீங்க சஜஷன் நிக்கணும். கேமராவுல உங்க தோள் மட்டும்தான் தெரியும். தெரியலன்னு செல்போனை நோண்டாதீங்க. எதுக்க இருக்கவங்க உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் அழுவாங்க.

கன்டினியூட்டிக்கு, அதாவது சீனுக்குச் சீன் உடுப்பும் அலங்காரமும் மாறாம இருக்கதுக்கு, உங்க செல்போன்தான் காவல். வாசல்ல அழுதது செவ்வாய்க்கிழமை எடுத்திருப்பாங்க, அழுதுகிட்டே உள்ள வர்றது அடுத்த வாரம் எடுப்பாங்க. ஒவ்வொரு சீன் முடிஞ்சதும் பொட்டு, வளையல், முந்தி எந்தப் பக்கம், பூ எவ்வளவு நீளம்னு படம் எடுத்து வையுங்க. நம்மள மாதிரி துணை வேஷத்துக்கு அநேகமா சொந்தச் சேலைதான். பட்டு வாங்கி அழியாதீங்க. வீரவநல்லூர் கைத்தறியில நாலு நிறம் போதும். பொடிக்கட்டம், நெருக்கக் கோடு மட்டும் வேண்டாம், கேமராவுல அலை அடிக்கும்.

நம்ம ஊர்ப் பேச்சை விட்டுராதீங்க. பொதுத் தமிழும் பேசத் தெரியணும், கேட்டா நொடியில நெல்லைக்கு மாறவும் தெரியணும். பணகுடிக்காரரு நெல்லை சிவா, 2021-ல இறந்துபோனாரு, சினிமாவுலயும் சீரியல்லயும் அந்தப் பேச்சை வச்சுத்தான் நின்னாரு. சென்னையில எழுதுறவங்க எல்லா வரிக்கும் கடைசியில ஒரு "லே" ஒட்டிருவாங்க. மாமியாரைப் பாத்து மருமகன் "வாலே"ன்னு சொல்லுத மாதிரி ஒரு தாளு வந்துது. "தம்பி, எங்க ஊர்ல இப்படிக் கூப்பிட்டா மறுநா சோறு கிடைக்காது, 'வாங்க அத்தை'ன்னு போடுங்க"ன்னு சொன்னேன். மாத்திட்டாரு. இப்படித் தன்மையாச் சொன்னா கேப்பாங்க.

துட்டு விஷயம். சம்பளம் நாள் கணக்கு. மாசத்துல எத்தனை நாள் கூப்பிடுவாங்கங்கது கதை போற போக்கைப் பொறுத்தது. கைக்கு வர ஒண்ணு ரெண்டு மாசம் ஆகும், அதுலயும் 10 சதவீதம் வரி பிடிச்சிருப்பாங்க. வருமானம் குறைவுன்னாலும் கணக்குத் தாக்கல் பண்ணி அதைத் திரும்ப வாங்குங்க. பாதிப் பேரு வாங்குறதே இல்ல. வியாழக்கிழமை, சீரியலை எவ்வளவு பேரு பாத்தாங்கங்கிற ரேட்டிங் வரும். இறங்கிச்சுன்னா கதை மாறும். நம்ம கேரக்டர் அமெரிக்கா போகும், கோமாவுல கிடக்கும், இல்லன்னா "இனி இவருக்குப் பதில் இவர்". அதனால சென்னையில வளசரவாக்கம், சாலிகிராமம் பக்கம் ரெண்டு பேரோட சேந்து ரூம் எடுங்க, ஆறு மாச வாடகையைத் தொடாம வையுங்க. கொரோனாவால 2020 மார்ச் 19-ல ஷூட்டிங் நின்னுது. ஒழுங்காத் தொடங்க ஜூலை ஆச்சு. அந்த நேரத்துல கையில துட்டு இருந்தவங்க மட்டும்தான் கடன் வாங்கல. சின்னத்திரை நடிகர் சங்கத்துல சேந்துருங்க. ஒப்பந்தத்துல வேற சேனல்ல நடிக்கக்கூடாதுன்னு இருக்கான்னு கையெழுத்துக்கு முந்தியே படிங்க.

கொடைக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வரணும்னா ஒரு மாசம் முந்தியே மேனேஜருக்கு வாட்ஸப்புல தேதி போட்டுருங்க. வாயால சொன்னது கணக்குல வராது. அந்த வாரம் கதையில உங்களைக் காசிக்கு அனுப்பி வச்சிருவாங்க. ஆனா ஊருக்கு வந்த இடத்துல முடியைக் குறைச்சிராதீங்க. திருச்செந்தூர்ல மொட்டை போடுற நேர்ச்சை இருந்தா, கதையில உங்க பகுதி முடிஞ்ச பெறவு வச்சுக்கிடுங்க.